முப்பத்திரண்டாவது பெயர்

"ஒன்று, அய்யனார்ராஜ்." "உள்ளேன் டீச்சர்!" கூரை தெறிக்கக் கத்துகிறான், பின்பக்கம் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவனுக்கு இன்றைக்கு ஒரு பவுசு, சாய்கோடு போட்டாயிற்று, கோடு கொஞ்சம் கோணல், இருபத்தேழு வருஷம் சர்வீஸ் போட்டவளுக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு நேராக வராதா ஞானசுந்தரி, வரவில்லையே, போகட்டும், யாருக்குத் தெரியப் போகிறது. எட்டுப் பேரும் கடைசி வரிசைக்குப் பின்னால் நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி பெஞ்சுகளில் முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள், சுற்று வட்டாரப் பள்ளிகளிலிருந்து வந்த டீச்சர்களும் சார்களும், ஒன்பதாவது ஆளாக அந்தப் பெண் பெனிட்டா, எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள், என் மகளைவிட இரண்டு வயது சின்னவள். பட்டாசு ஆலை வெடித்ததைப் பார்த்த பிள்ளைகளை வகுப்பில் எப்படி வைத்துக்கொள்வது என்று பார்க்க வந்திருக்கிறார்கள், என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்கள், என்னை, நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. "இரண்டு, கருப்பசாமி." "உள்ளேன் டீச்சர்." இன்னும் பதினாறு பெயர் போனால் பத்தொன்பது வந்துவிடும். பத்தொன்பது, கார்த்தீஸ்வரி. ஏழு மாதமாக அந்தப் பெயருக்கு வாயால் பதில் வந்ததில்லை. வீட்டிலும் இல்லை, விளையாட்டிலும் இல்லை, அவளுடைய சித்தி கோயில் கோயிலாகக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டாள், இல்லை. இன்றைக்கு வந்துவிடாதா என்று பின்னால் எட்டுப் பேர் கழுத்தை நீட்டிக் காத்திருப்பார்கள். நான் மட்டும் காத்திருக்கக் கூடாது, எனக்குக் கொடுத்த பயிற்சியே அதுதான்.

"மூன்று, கௌதம்." "உள்ளேன் டீச்சர்." என்னிடம் வந்து ஒருத்தி அவசரப்படாதே என்று சொன்னதே பெரிய வேடிக்கை. ஆறின காபியைக் குடித்தறியாதவள் நான், பஸ் நிற்கிற இடத்தில் நிற்கப் பொறுக்காமல் அது வருகிற திசையில் நாலு எட்டு நடந்து போய்க் கைகாட்டி ஏறுகிறவள், பிறந்ததே எட்டாம் மாதத்தில்தான். என்னிடம் போய்ப் பெனிட்டா சொன்னாள், பேரைக் கூப்பிடுங்க டீச்சர், மனசுக்குள்ள மூணு எண்ணுங்க, கையைப் பாருங்க, கோடு போடுங்க, அடுத்த பேருக்குப் போயிடுங்க, கெஞ்ச வேண்டாம், கைதட்ட வேண்டாம், வெளியாள் முன்னாடி பேசிக் காட்டச் சொல்லவே வேண்டாம். கை என்றால் கார்த்தீஸ்வரியின் வலது கை. உனக்குப் பேச வேண்டும்போல் இருக்கிறபோது பேசினால் போதும் தாயி, அதுவரைக்கும் உள்ளங்கையை பெஞ்சு மேல் விரித்து வை, நான் அதை உள்ளேன் என்று எடுத்துக்கொள்கிறேன் என்பது அவளுக்கும் எனக்கும் ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றால் நான் சொன்னேன், அவள் தலையாட்டினாள். முதல் மூன்று வாரம் கையும் வரவில்லை. நான் மூன்று எண்ணுவேன், பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போவேன், பல் தேய்ந்துதான் போயிருக்கும். நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. சுண்டுவிரல் முனை முதலில், பிறகு கை முழுக்க, பெஞ்சின் விளிம்பில் ஒட்டினாற்போல். கோடு போட்டுவிட்டு ஒன்றும் நடக்காதவள் மாதிரி இருபதுக்குப் போனேன். சாயங்காலம் சேவுக் கடையில் கால் கிலோ காராச்சேவு வாங்கி பஸ்ஸிலேயே முக்கால்வாசியைத் தின்று தீர்த்தேன், பக்கத்தில் இருந்த அம்மாள் இதென்ன பேய்த்தீனி என்பது போலப் பார்த்தாள், அவளுக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தேன்.

"ஏழு, தங்கமாரி." "உள்ளேன் டீச்சர்." குருவையா சார் அசைகிறார், பெஞ்சு முனகுகிறது, பின்னால் நடுவில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெரிய மீசைதான் குருவையா சார், பக்கத்து ஊர்த் தலைமையாசிரியர், அவரை எனக்கு அந்த மூன்று நாளில்தான் பழக்கம். வட்டார வள மையத்தில் மூன்று நாள் பயிற்சி. எனக்குப் போக மனசே இல்லை. எங்கள் பள்ளியில் எப்போதும் பயிற்சி என்றால் நான்தான் மாட்டுவேன், ஒருத்திக்குக் கைக்குழந்தை, ஒருத்தருக்கு முதுகுவலி, ஞானசுந்தரி டீச்சருக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. முதல் நாள் பெனிட்டாவின் படம் காட்டுகிற கருவி வேலை செய்யவில்லை, அதை மூடி ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், அது மட்டும் எனக்குப் பிடித்தது. குருவையா சார் முதல் ஆளாக எழுந்தார். "ஏம்மா, எங்களையெல்லாம் எங்க வாத்தியாரு பெரம்பால வெளுத்துத்தான் வளத்தாரு. நாங்க என்ன கெட்டா போயிட்டோம்?" அறையே சிரித்தது, நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். பெனிட்டாவும் சிரித்தாள். "அவர் அடிச்ச அடி எந்தெந்த இடம்னு ஞாபகம் இருக்கா சார்?" "இல்லாம இருக்குமா?" என்று முழங்கையைத் தூக்கிக் காட்டினார். "அன்னைக்கு அவர் நடத்தின பாடம்?" சார் யோசித்தார், மீசையைத் தடவினார், "அதெல்லாம் எங்க..." என்று உட்கார்ந்துவிட்டார். பிறகு அவள் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையின் காதில் விழுகிற சத்தங்களை எல்லாம் எழுதுங்கள். இது ஒரு பயிற்சியா, இதற்கா இரண்டு பஸ் மாறி வந்தேன் என்று நினைத்தாலும் எழுதுவது என்று வந்துவிட்டால் நான் விட மாட்டேன். மணி, அடிகுழாய், சத்துணவுக் கூடத்துத் தட்டு, லாரி, காற்றுக்கு அடிக்கிற ஜன்னல், மயில், கரும்பலகையை அழிக்கிற சத்தம், பக்கம் நிரம்பிவிட்டது. எழுந்து நின்று பெருமையாக வாசித்தேன். அவள் கேட்டுவிட்டு, "உங்க சத்தம் ஒண்ணும் இல்லையா டீச்சர்?" என்றாள். "நான் எங்க சத்தம் போடுறேன், நான் வாயே தொறக்க மாட்டேன், ஒரே தட்டு, பிள்ளைக கப்சிப்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றேன். ஒரே தட்டு. மர ஸ்கேலை மேசை மேல் ஒரே போடு, படார் என்று, அடுத்த நொடி வகுப்பு அடங்கிவிடும். இருபத்தேழு வருஷமாக அதுதான் என் பெருமை. அது என் தாளில் இல்லை.

"பத்து, பாண்டிச்செல்வம்." "உள்ளேன் டீச்சர்." அந்தத் தாளோடு நின்ற இடத்தில் எனக்குப் பதினேழாவது நாள் ஞாபகம் வந்தது. யாரும் அறியாதது. ஊருக்கெல்லாம் தெரிந்த கதை, வெடி விபத்தில் தாய் முத்துராக்கு போன நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்குப் பேச்சு நின்றுவிட்டது. அது பொய். எனக்குத் தெரியும், பொய். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பதினேழாவது நாள் சித்தி அவளைக் கொண்டுவந்து விட்டாள், எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை, துவைத்த சீருடை. நான் பெயரைக் கூப்பிட்டேன், அவள் எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்றாள். தெளிவாகச் சொன்னாள். இந்தக் காதால் கேட்டேன், பதிவேட்டில் கோடு இருக்கிறது. ஆனால் அவள் வந்துவிட்டாள் என்பதில் மற்ற பிள்ளைகளுக்கு ஒரே பரபரப்பு, திரும்பித் திரும்பிப் பார்ப்பதும் குசுகுசுப்பும், கணக்குப் பாடம் ஆரம்பித்தும் அடங்கவில்லை, எனக்குக் கோபம் வந்தது, எனக்குத்தான் எட்டாம் மாதத்துக் கோபமாயிற்றே, ஸ்கேலை எடுத்து மேசையில் போட்டேன் ஒரு போடு. எல்லாரும் அடங்கினார்கள். ஒரு இடம் காலியாக இருந்தது. குனிந்து பார்த்தால் பெஞ்சுக்கு அடியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள், தரை ஈரம். எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும், மனுஷிக்கு என்ன தோன்றும், எனக்குத் தோன்றியது, மற்ற பிள்ளைகள் சிரித்துவிடப் போகிறார்கள், வகுப்பு கைமீறிவிடும். கையைப் பிடித்து இழுத்து நிற்க வைத்து, "என்ன நாடகமா போடுற?" என்றேன். நிற்க வைத்தேன். ஈரப் பாவாடையோடு. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அம்மா போன பிறகும் பதினேழு நாள் பேசின பிள்ளை அது. அந்த வாயை மூடியது ஆலை இல்லை, நான். பெனிட்டாவிடம்கூட இதைச் சொன்னதில்லை, ஸ்கேல் என்று மட்டும் சொன்னேன், அந்தக் கையைப் பிடித்து இழுத்ததையும் நாடகத்தையும் விழுங்கிவிட்டேன். இப்போது அவள் என் வகுப்பை முன்மாதிரி வகுப்பு என்று எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். "பதினொன்று, மகேந்திரன்." "உள்ளேன் டீச்சர்." மகேந்திரனுக்கு மூக்கு ஒழுகுகிறது, துடைடா என்று ஜாடை காட்டுகிறேன், துடைத்துக்கொள்கிறான்.

ஸ்கேல் இப்போது பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது, கோடு போட வேண்டுமென்றால் பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேலை இரவல் வாங்குகிறேன், அதற்கு ஒரு போட்டா போட்டி. "பன்னிரண்டு, மதன்." "உள்ளேன் டீச்சர்." அதைவிடப் பெரிய பொய் ஒன்று இருக்கிறது. ஸ்கேல் பதினேழாவது நாள், அது ஆலை வெடித்த முதல் நாள். அன்றைக்குப் பதினொன்றே முக்கால் இருக்கும், இதே அறை, இதே மேசை, நான் எழுதிக்கொண்டிருந்தேன், முதலில் தரைதான் அசைந்தது, அப்புறம்தான் சத்தம், ஜன்னல் கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டன, ஓட்டுக்கூரையிலிருந்து செம்மண் தூசி என் தலையில், பதிவேட்டில், பிள்ளைகள் மேல். வடக்கே இரண்டு கிலோமீட்டரில் புகை எழும்புகிறது, கருப்பாக, உருண்டு உருண்டு. கார்த்தீஸ்வரி ஜன்னலோரத்து மூன்றாவது பெஞ்சு. பெஞ்சு மேல் ஏறி நின்று கம்பியைப் பிடித்துப் பார்த்தாள். அழவில்லை. "டீச்சர், அது எங்கம்மா ஆலை" என்றாள். நான் என்ன சொன்னேன். "சும்மா இரு தாயி, அது கல்குவாரி வெடி. எறங்கு கீழ." கல்குவாரியில் அந்தப் புகை வராது, எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், எங்கள் பக்கத்தில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதா. அவள் என்னைப் பார்த்தாள், இறங்கினாள். பிள்ளைகளை எல்லாம் மைதானத்துக்கு ஓட்டிப்போய் எண்ணினேன், முப்பத்தொன்று, திரும்ப எண்ணினேன், முப்பத்தொன்று, திரும்பத் திரும்ப எண்ணினேன், அது ஒன்றுதான் எனக்குச் செய்யத் தெரிந்தது. "பதின்மூன்று, முகேஷ்வரன்." "உள்ளேன் டீச்சர்."

பொய் சொல்லாதீங்க டீச்சர், என்றாள் பெனிட்டா, சத்தம் வந்தா அது என்னன்னு சொல்லுங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. கேட்பதற்கு ஒன்றுமில்லாத விஷயம். நான் அதையே பிடித்துக்கொண்டேன், நான் எதைப் பிடித்தாலும் உடும்பு. மறுநாளே ஆரம்பித்தேன். ஜன்னல் அடித்தால் எழுதுவதை நிறுத்தி, "அது ஜன்னல்" என்பேன், பிள்ளைகள் முப்பது பேரும் "ஜன்னல்!" என்பார்கள். "அது அடிகுழாய்." "அடிகுழாய்!" "அது அய்யனார்ராஜோட டிபன் பாக்ஸ்." "டிபன் பாக்ஸ்!" ஒரு நாள் வானத்தில் ஏதோ உறுமியது, எனக்குத் தெரியவில்லை, தெரியலை, வாங்க பார்ப்போம் என்று எல்லாரையும் வெளியே கூட்டிப்போனேன், ஹெலிகாப்டர், அன்றைக்கு ஆங்கிலப் பாடம் போச்சு, போகட்டும். தலைமையாசிரியர் வந்து, "என்ன டீச்சர், உங்க கிளாஸ்ல மட்டும் ஏலம் விடுற மாதிரி கேக்குது?" என்றார். ஆமாம் சார், சத்தத்தை ஏலம் விடுகிறோம், என்றேன். அப்படியே இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சாயங்காலம் மணி அடித்தால் போதும், பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று, டீச்சர் நாளைக்கு வருவீங்களா, டீச்சர் நாளைக்கு வருவீங்களா. காலையில் வேலைக்குப் போன தாய் திரும்பி வராததைப் பார்த்த பிள்ளைகள், வேறு எதைக் கேட்கும். அதற்காக என் பெயரையும் கடைசியில் சேர்த்துக்கொண்டேன், பதிவேட்டில் முப்பத்தொன்றுக்குக் கீழே பென்சிலால், அதிகாரி யாராவது வந்தால் ரப்பரால் அழித்துவிடலாம். முப்பத்தொரு பெயரையும் நான் கூப்பிட வேண்டியது, முப்பத்திரண்டாவதைப் பிள்ளைகள் கூப்பிட வேண்டியது, நான் எழுந்து நின்று உள்ளேன் என்று சொல்ல வேண்டியது. ஒரு நாள் தவறியதில்லை.

"பதினாறு, வெங்கடபெருமாள்." "உள்ளேன் டீச்சர்." பையன்கள் முடிந்தார்கள். இனிமேல் பெண்பிள்ளைகள். அவள் பக்கம் பார்க்காதே ஞானசுந்தரி, பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், அவள் எல்லாவற்றையும் பார்க்கிற பிள்ளை, உன் முகத்தைப் பார்த்தே வானிலை சொல்லிவிடுவாள். நேற்றே சொல்லி வைத்துவிட்டேன், நாளைக்கு எட்டு டீச்சரும் பெனிட்டா அக்காவும் வருவாங்க, பின்னால உக்காருவாங்க, யாரையும் எதுவும் கேக்க மாட்டாங்க, பத்தரைக்குக் கிளம்பிருவாங்க. கார்த்தீஸ்வரி தலையாட்டினாள். ஆனால் தலையாட்டுவது நேற்று, உட்காருவது இன்று. கை வராவிட்டால்? எட்டுப் பேரைக் கண்டு அந்தக் கை மறுபடியும் பாவாடை மடிப்புக்குள் போய்விட்டால், இன்னொரு ஏழு மாதமா? நான் என்ன பெரிய ஆள் என்று இதற்குச் சம்மதித்தேன், பாராட்டுக்கு ஆசைப்பட்டேன், வேறென்ன, யாராவது ஒருத்தர் நல்ல டீச்சர் என்று சொன்னால் அந்தப் பதினேழாவது நாள் அழிந்துபோகும் என்று ஒரு நப்பாசை. அழியாது, அது பென்சிலால் எழுதினதில்லை. வீட்டில் குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டு ஏழு மாதமாகிறது, விசில் வந்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுகிறேன், அவர் கேட்டார், என்ன சுந்தரி, சோறு வடிச்சுத் திங்கிற காலமா இது? வடிச்ச சோறுதான் சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லிவிட்டேன். பாருங்கள், பிள்ளைகளுக்குச் சத்தத்தின் பெயரைச் சொல்கிறவள் வீட்டுக்காரரிடம் சர்க்கரை என்கிறாள். டீச்சருக்கும் இருக்கும் டீச்சர், என்று பெனிட்டா மூன்றாவது நாள் மெதுவாகச் சொன்னபோது, "எனக்கென்னம்மா, நான் கல்லுக்குண்டு" என்றேன். "பதினேழு, அனுசியா." "உள்ளேன் டீச்சர்." கோடு. "பதினெட்டு, இசக்கியம்மாள்." "உள்ளேன் டீச்சர்." கோடு. இனி அவள். வாயைத் திறக்கிறேன், பத்தொன்ப

தரை. தூசி. ஜன்னல் எல்லாம் அடிக்கிறது, இல்லை அடிக்கவில்லை, அடிக்கிற மாதிரி, படார் என்று ஒரே சத்தம், முதுகுத்தண்டு வழியாக உள்ளே இறங்கிவிட்டது, வாயில் செம்மண் ருசி, எண்ணு, எண்ணு, முப்பத்தொன்று, புகை எந்தப் பக்கம், வடக்கா, யாருடைய அம்மா, இன்றைக்கு யாருடைய அம்மா, தங்கமாரியின் அம்மாவும் ஆலைக்குத்தான் போகிறாள், பாண்டிச்செல்வத்துக்கு இரண்டு பேருமே, பேர் சொல்ல வேண்டும், இது என்ன சத்தம், நான்தான் சொல்ல வேண்டும், பிள்ளைகள் என்னைப் பார்க்கிறார்கள், அதுதான் வழக்கம், டீச்சர் சொல்வாள், பிறகு எல்லாரும் சொல்வார்கள், சொல்லு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. என் கண்ணுக்கு முன்னால் மேசைக் கால் இருக்கிறது. மேசைக் கால் எப்படி இவ்வளவு பக்கத்தில் வந்தது? நான் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறேன். மேசைக்குப் பின்னால், எட்டுப் பேர் பார்க்க, இரண்டு கையும் காதில். கல்லுக்குண்டு.

"அண்டா மூடி." யாரோ பேசுகிறார்கள். தொண்டை கட்டின மாதிரி, துருப்பிடித்த கதவைத் தள்ளுகிற மாதிரி ஒரு குரல், எனக்குத் தெரியாத குரல். "சத்துணவு அண்டா மூடி டீச்சர். தகரக் கதவுல விழுந்துருச்சு." பிள்ளைகள் வழக்கம் மாறாமல் முழங்குகிறார்கள், "அண்டா மூடி!" முழங்கின பிறகுதான் அவர்களுக்கும் உறைக்கிறது, அய்யனார்ராஜ் பாதி திரும்பி வாயைப் பிளந்தபடி நிற்கிறான், யாரும் கைதட்டவில்லை, என் பிள்ளைகள், நான் பழக்கின பிள்ளைகள், ஒருத்தர்கூடக் கைதட்டவில்லை. வெளியே சமையல் செய்கிற வேலுத்தாய் தன் பாட்டுக்கு மூடியைத் திட்டிக்கொண்டிருப்பது கேட்கிறது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறேன். மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம். பெஞ்சு மேல் ஏறி நிற்கிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தவள் திரும்பி என்னைப் பார்க்கிறாள், அன்றைக்குப் பார்த்த அதே பார்வை, நான் பொய் சொல்வேனா நிஜம் சொல்வேனா என்று. "ஆமா தாயி," என்கிறேன், குரல் எப்படியோ வருகிறது, "அண்டா மூடி. டீச்சர் பயந்துட்டேன்." அவள் யோசிக்கிறாள். "பெரிய மூடி," என்கிறாள், அப்படிப் பயந்ததில் தப்பில்லை என்பது போல. பெஞ்சிலிருந்து இறங்கி உட்கார்ந்துகொள்கிறாள்.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் கால் பரபரக்கிறது. கூடாது. கூடவே கூடாது, இதைக் கெடுக்க இருபத்தேழு வருஷத்து அனுபவம் உனக்கு இருக்கிறது ஞானசுந்தரி, சும்மா இரு, பேனாவை எடு. பேனா கீழே கிடக்கிறது, எடுத்தேன். பதிவேட்டில் இசக்கியம்மாளின் கோடு நீண்டு அடுத்த மாதம் வரைக்கும் போயிருக்கிறது. "பத்தொன்பது, கார்த்தீஸ்வரி." ஒன்று, இரண்டு, மூன்று. வலது உள்ளங்கை பெஞ்சு மேல் வந்து அமர்கிறது, விரல்கள் நன்றாக விரிந்து, நடு பெஞ்சில். வாய் திறக்கவில்லை. வேண்டாம் கண்ணே, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், உனக்கு வேண்டும் என்கிறபோது பேசினாய், எனக்கு வேண்டியிருந்தபோது பேசினாய். கோடு போடுகிறேன், இன்றைய பக்கத்திலேயே நேரான கோடு அதுதான். "இருபது, சுபலட்சுமி." "உள்ளேன் டீச்சர்!" என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது, உரக்க வருகிறது, ஜெயித்துவிட்டேன், இல்லை, நான் எங்கே ஜெயித்தேன், குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன், அவள் ஜெயித்தாள், ஆலையை ஜெயித்தாள், ஸ்கேலை ஜெயித்தாள், என் கல்குவாரியை ஜெயித்தாள், யார் ஜெயித்தால் என்ன, இந்த அறைக்குள்தான் நடந்தது, என் பதிவேட்டுக்கு முன்னால் நடந்தது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இன்றைக்குக் கால் கிலோ போதாது, அரைக் கிலோ. "இருபத்தொன்று." "உள்ளேன் டீச்சர்!" "இருபத்திரண்டு." "உள்ளேன் டீச்சர்!" குருவையா சார் பெரிய கைக்குட்டையால் மீசையைத் துடைக்கிறார், மீசைக்கு என்ன வியர்வை வந்ததாம். பெனிட்டா சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், யாரையும் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தானே. பத்தரைக்கு எட்டுப் பேரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். நன்றாக நடந்தது என்பார்கள். இருங்கள், என்பேன். வெடிக்குப் பிறகும் பதினேழாவது நாள் காலையில் இந்தப் பிள்ளை உள்ளேன் என்று சொன்னது, பத்து நிமிஷம் கழித்து நான் என்ன செய்தேன் என்று முதலில் கேளுங்கள், கையைப் பிடித்து இழுத்ததும் கேளுங்கள், நாடகமா என்று கேட்டதும் கேளுங்கள், அதிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள், மிச்சத்தைப் பெனிட்டா சொல்வாள். சொல்லிவிடுவேன். அண்டா மூடிக்குப் பயந்ததையே பார்த்துவிட்டார்கள், இனி எதற்கு ஒளிக்க. வீட்டுக்குப் போய் அவரிடமும் சொல்ல வேண்டும், சர்க்கரை இல்லை என்று.

"முப்பத்தொன்று, ஜெயபாரதி." "உள்ளேன் டீச்சர்." ஜெயபாரதி போன மாதம்தான் சேர்ந்தாள், ஊர் மாறிப் போனவள் இடத்துக்கு வந்தவள், அதனால் கடைசி. கோடு போட்டாயிற்று. எல்லாரும் வந்திருக்கிறார்கள், முப்பத்தொரு கோடு, ஒரு காலி இல்லை. பதிவேட்டை மூடுகிறேன், எழுந்து கரும்பலகைக்குப் போகிறேன், சாக்பீஸை எடுத்துவிட்டேன், வகுப்பு அடங்க மாட்டேன் என்கிறது, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரிப்பு. என்ன என்று திரும்புகிறேன். மறந்துவிட்டேன், நாலு மாதத்தில் முதல் தடவையாக மறந்துவிட்டேன். அய்யனார்ராஜ் ஒன்று, இரண்டு என்று விரலால் தாளம் கொடுக்கிறான், எல்லாரும் சேர்ந்து மூச்சு இழுக்கிறார்கள். "முப்பத்திரண்டு! ஞானசுந்தரி டீச்சர்!" அந்த இரைச்சலுக்குள் ஒரு துருப்பிடித்த குரல் இருக்கிறது, மற்றவர்கள் முடித்த பிறகும் 'டீச்சர்' என்று தனியாக ஒரு கணம் தங்கி முடிகிறது. உள்ளேன் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறக்கிறேன், சொல் வரமாட்டேன் என்கிறது. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. இருபத்தேழு வருஷமாக ஸ்கேலால் அடித்து அடித்து அந்த மேசையின் விளிம்பு நசுங்கியிருக்கிறது. அந்த இடத்தில் என் வலது உள்ளங்கையை விரித்து வைக்கிறேன். மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம், கார்த்தீஸ்வரி என் கையைப் பார்க்கிறாள், தலையாட்டுகிறாள்.